பக்கத்து பங்கரும் தேவனுடைய தெரிவும்

கேள்வி:

"ஐயா, நான் விசுவமடுவில் இருக்கிறேன். சைவக் குடும்பம். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோதுதான் ஆண்டவரை அறிந்தேன். அதே வருடம், முகாமுக்கு வர முதல், என் தம்பி மாத்தளனில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) செல் (எறிகணை) விழுந்து செத்துப்போனான். 19 வயது. இயேசுவைப் பற்றி அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

போன மாதம் எங்கள் சபைக்கு வெளியிலிருந்து ஓர் ஊழியர் வந்து ஒரு கிழமை வேதபாடம் நடத்தினார். உலகம் உண்டாகுமுன்னே தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார், மற்றவர்களை விட்டுவிட்டார், அதை ஒருவராலும் மாற்ற முடியாது என்று படிப்பித்தார். கடைசி நாள் சாட்சி நேரத்தில் ஓர் அக்கா எழும்பி, 'பக்கத்து பங்கரில செல் விழுந்தது, எங்கட பங்கரில விழேல்ல. கர்த்தர் எங்களைத் தெரிந்துகொண்டபடியால் தப்பினம்' என்று சொன்னா. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். அப்படியொரு பக்கத்து பங்கரில்தானே என் தம்பி இருந்தான்?

அன்றிலிருந்து திருவிருந்து எடுப்பதில்லை. நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா என்றும் தெரியவில்லை. என்னவர் சபைக்கு வருவதில்லை. என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடியும்வரை வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருப்பார். 'பேரெல்லாம் எழுதி முடிஞ்சுதெண்டால் நீ ஏன் எனக்காக மண்டாடுறாய்?' என்று கேட்கிறார். அம்மாவோ 'எல்லாம் தலைவிதி' என்கிறா. ஊழியர் சொல்வதற்கும் அம்மா சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? வைகாசியில் தம்பியின் படத்துக்கு அம்மா விளக்கு வைப்பா. நான் பக்கத்தில் இருக்கலாமா?"

பதில்:

அன்புள்ள சகோதரி,

சாட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஊழியரின் பாடத்தை ஒரு கிழமை பொறுத்திருந்து கேட்ட நீங்கள், அந்தச் சாட்சியில்தான் எழும்பிப் போனீர்கள். எழும்பியது சரி என்றே நினைக்கிறேன்.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மாதங்களில் வன்னியில் உயிரோடு மிஞ்சியவர் எவரும் "நான் ஏன் மிஞ்சினேன்?" என்று கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு பதில் கிடைத்தால்தான் இரவில் நித்திரை வரும். "தப்பினேன், ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அவர் சொன்னால் அது ஜெபம், நானும் ஆமென் சொல்வேன். "தெரிந்துகொள்ளப்பட்டதால் தப்பினேன்" என்பது வேறு கதை. அந்த வாக்கியம் தன்னைப் பற்றி ஒன்று சொல்லும்போதே செத்தவனைப் பற்றியும் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எழுத அவருக்கு அதிகாரமில்லை. ஊழியருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

வேதாகமத்தில் இதே கணக்கைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். யார் என்று பாருங்கள். லூக்கா 23:35. இயேசு சிலுவையில் தொங்குகிறார். இவன் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்ட கிறிஸ்துவானால் தன்னை இரட்சித்துக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் பரியாசம் பண்ணுகிறார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவன் என்றால் சாவிலிருந்து தப்பவேண்டும், தப்பாதவன் தெரிந்துகொள்ளப்படாதவன்: கொல்கொதாவில் இதைச் சொன்னவர்கள் பரியாசக்காரர். அவர்களுடைய தர்க்கத்தை நாம் எடுத்து, அதற்கு அல்லேலூயா சேர்த்துச் சாட்சியாக்கக் கூடாது. தேவன் தெரிந்துகொண்ட அந்த ஒருவர் தப்பவில்லை. அவர் செத்தார்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தையும் எடுத்து வாசியுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவை ஒரு தூதன் வந்து சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறான். இருவரும் ஆண்டவர் பேர்சொல்லி அழைத்த சீஷர்கள். ஏன் ஒருவர் செத்தார், ஏன் மற்றவர் தப்பினார் என்று லூக்கா ஒரு வரிகூட விளக்கவில்லை. விளக்காமல் விட்டதற்காக லூக்காவுக்கு நான் நன்றியுள்ளவன்.

இன்னும் நேரடியாக, லூக்கா 13. ஆலயத்தில் பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுபோட்டான் என்ற செய்தியை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அது ஆட்சியாளன் செய்த கொலை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை அவரே தன் பக்கத்திலிருந்து சேர்த்துச் சொல்கிறார். அது விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்." இரண்டுக்கும் அதே பதில். அதன்பிறகு பேச்சைக் கேட்டுநின்ற உயிருள்ளவர்கள் பக்கம் திருப்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றி அவர் சொன்னது அந்த "அப்படியல்ல" மட்டுந்தான். வன்னியில் போர் பற்றியும் சுனாமி பற்றியும் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் இந்த ஐந்து வசனத்தைத் தாண்டிப் போகும்போது எனக்குப் பயமாக இருக்கும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முல்லைத்தீவுக் கரையில் ஆராதனைக்குப் போனவர்களையும் மீனுக்குப் போனவர்களையும் அலை பிரித்துப் பார்க்கவில்லை.

சங்கீதம் 91ஐயும் அந்தக் கூட்டத்தில் வாசித்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும்" என்ற வசனம் இல்லாமல் நம் ஊரில் சாட்சிக் கூட்டம் நடப்பது அருமை. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொன்னவன் பிசாசு: தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள். சங்கீதம் நல்லதுதான். அதைத் தப்பினதற்கு அத்தாட்சிப் பத்திரமாகப் பாவிப்பதைத்தான் ஆண்டவர் மறுத்தார்.

ஆகவே முதலாவது முடிச்சை அவிழ்த்துவிடுகிறேன். செல்லிலிருந்து தப்புவது ஒன்று, தேவனுடைய தெரிவு வேறொன்று. உங்கள் தம்பி எப்படிச் செத்தான் என்பதிலிருந்து அவனைப்பற்றித் தேவன் என்ன நினைத்தார் என்று எதையும் படிக்க முடியாது.

இனி ஊழியரின் பாடத்துக்கு வருகிறேன். அவர் அதைத் தன் தலையிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. எபேசியர் 1இலும் ரோமர் 8, 9இலும் யோவான் 6இலும் அது இருக்கிறது. உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டார் என்று பவுல் எழுதுகிறார். அதை அழித்துவிட்டு வேதாகமம் வாசிக்க முடியாது, வாசிக்கவும் வேண்டாம். நான் வெஸ்லியின் மரபில், அதாவது மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். ஜோன் வெஸ்லி 1739இல் இந்தப் போதனைக்கு எதிராகக் கடுமையாகப் பிரசங்கித்தார். ஆனாலும் மனிதன் தன் பலத்தால் தேவனிடம் திரும்புவதில்லை, கிருபைதான் முந்திக்கொள்கிறது என்பதில் வெஸ்லியும், இந்தப் போதனையோடு பேர் சேர்ந்த சீர்திருத்தவாதி கல்வினும் சண்டை பிடிக்கவில்லை. அந்தக் கிருபையை ஒருவன் தள்ளிவிட முடியுமா, அது எல்லாருக்கும் கொடுக்கப்படுகிறதா என்பதில்தான் சண்டை.

நம்முடைய நாட்டுக்காரருக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. தமிழ் வைஷ்ணவர்கள் பல நூற்றாண்டாக இதையே வேறு பாஷையில் பேசியிருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும், பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும். ஜீவனை இறைவன் மீட்பது எந்த விதம்? வடகலையார் குரங்கென்றார்கள், தென்கலையார் பூனையென்றார்கள். பவுல் பூனைக்காரர் என்பது என் வாசிப்பு. அந்த அளவில் வெஸ்லியைவிட, ஆதிச்சபையின் ஆயர் அகுஸ்தீனோடுதான் ரோமர் 9இல் நிற்கிறேன், என் சபையார் மன்னிப்பார்களாக. ஆனால் பூனை ஒரு குட்டியைக் கவ்வுகிறது என்று சொல்வதோடு பவுல் நிற்கிறார். அது காட்டில் விட்டுவந்த குட்டிகளின் பட்டியலை அவர் கையில் தரவில்லை.

ரோமர் 9ஐ உங்கள் ஊழியர் 13ஆம் வசனத்திலிருந்து தொடங்கியிருப்பார்: யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தேன். நீங்கள் முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அங்கே பவுல் அழுதுகொண்டிருக்கிறார். தன் இனத்தார், தன் மாம்சத்தின்படியான சகோதரர், கிறிஸ்துவை ஏற்கவில்லை. இருதயத்தில் மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டென்கிறார். அவர்களுக்காகத் தான் கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாகக்கூட ஆகிவிடலாமென்று சொல்லும் அளவுக்குப் போகிறார். தெரிவைப்பற்றி வேதாகமத்திலேயே மிகக் கனமான அதிகாரம், விசுவாசத்துக்கு வெளியே நின்ற சொந்தச் சகோதரருக்கான ஒப்பாரியோடு தொடங்குகிறது. "தேவன் தெரிந்துகொள்ளவில்லை, நான் என்ன செய்ய?" என்று பவுல் கையைக் கழுவவில்லை. தம்பிக்காக அழுகிற நீங்கள் அந்த அதிகாரத்தின் வாசலில்தான் நிற்கிறீர்கள். அழாமல் உள்ளே போனவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

ஏசாவையும் விட்டுவிடக் கூடாது. அந்த வார்த்தை மல்கியா தீர்க்கதரிசியிலிருந்து வருகிறது. மல்கியா பேசுவது இரண்டு தேசங்களைப் பற்றி, இஸ்ரவேலும் ஏதோமும். எந்த வம்சத்தின் வழியாக வாக்குத்தத்தம் போகும் என்பதே அங்கே விஷயம். ஏசா என்ற அந்தத் தனி மனிதன் செத்தபின் எங்கே போனான் என்று ஆதியாகமமும் சொல்லவில்லை, மல்கியாவும் சொல்லவில்லை, பவுலும் சொல்லவில்லை. ஆதியாகமம் 33இல் தன்னை ஏமாற்றிய தம்பியை ஓடிவந்து கட்டிப்பிடித்து முத்தமிட்டவன் ஏசாதான். ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன் என்று நியாயப்பிரமாணமே உபாகமம் 23இல் கட்டளையிடுகிறது. யாக்கோபைத் தெரிந்துகொண்டது ஏசாவை மிதிப்பதற்கான அனுமதியல்ல.

பவுல் அந்த வாதத்தை 9இல் முடிக்கவுமில்லை. 11:32 வரை நடந்துபோகிறார்: எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாகத் தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள்ளே அடைத்துப்போட்டார். அதற்கடுத்த வசனத்தில், அவருடைய வழிகள் ஆராயப்படாதவைகள் என்று வாயை மூடிக்கொள்கிறார். மூன்று அதிகாரம் எழுதிய அப்போஸ்தலனே ஆராய முடியாதென்று நிறுத்திய இடத்தில், ஒரு கிழமை வேதபாடத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டதென்றால், எனக்கு அந்தத் தெளிவில் சந்தேகம் வரும்.

அம்மாவின் தலைவிதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி, கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஊழியர் படிப்பித்த விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் உண்மை. முகமில்லாத ஓர் எழுத்து முன்னமே எழுதப்பட்டு, நடந்தது நடந்தபடி, அழுது பயனில்லை. அதைப் பிரமன் எழுதினான் என்றாலும் தேவன் எழுதினார் என்றாலும் கேட்கிறவளுக்கு ஒரே சுமைதான். ஆனால் வேதாகமம் தெரிவைப் பேசும் இடங்களைப் பாருங்கள். உபாகமம் 7இல் மோசே ஜனங்களுக்குச் சொல்வது: நீங்கள் திரளான ஜனமென்று கர்த்தர் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, எல்லா ஜனங்களிலும் நீங்கள் கொஞ்சமாயிருந்தீர்கள், அவர் உங்களில் அன்புகூர்ந்தார். அவ்வளவுதான் காரணம். எகிப்தில் செங்கல் அறுத்துக் களைத்த அடிமைகளின் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. பெரியவர்கள் தங்கள் பெருமைக்காகச் சொல்லிக்கொண்டதல்ல.

சைவத்தில் வினை என்பது கணக்கு. செய்தவன் அனுபவிக்கிறான். ஆனால் சைவ சித்தாந்தமும் வினையோடு நின்றுவிடவில்லை, அருளைப் பேசுகிறது. இருவினையும் ஒத்து, மலம் (ஆன்மாவைக் கட்டிய அழுக்கு) பக்குவப்பட்ட ஆன்மாவில் இறைவனுடைய அருள் பதிகிறது என்பார்கள், சத்திநிபாதம் என்று பேர். அம்மாவோடு பேசும்போது இதைக் கேலி பண்ணாதீர்கள். அருள் இல்லாமல் விடுதலை இல்லை என்று அவருடைய மரபும் அறிந்திருக்கிறது. பவுல் பிரிகிற இடம் பக்குவத்தில்தான். பிள்ளைகள் பிறக்கவில்லை, நல்வினையும் தீவினையும் செய்யவில்லை, அப்போதே அழைப்பு வந்துவிட்டது என்று ரோமர் 9:11இல் அவர் வற்புறுத்துகிறார். அருள் நம் பக்குவத்துக்காகக் காத்துநிற்கவில்லை. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார். நீங்கள் 2009இல் முகாமில் எந்தப் பக்குவத்தில் இருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். கூடாரத்துக்குள் வெயில், தண்ணிக்கு வரிசை, தம்பியை ஒழுங்காகப் புதைக்கக்கூட முடியாத மனம். அந்த நேரத்தில் விசுவாசம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பவுல் சொல்லும் பதில்தான் தெரிவு என்ற போதனை. அது உங்கள் பின்னால் நின்று நீங்கள் வந்த வழியைக் காட்டுகிறது. மற்றவன் போன வழியை அது காட்டாது.

சபை சரித்திரத்தில் இந்தப் போதனை பட்ட பாட்டை முழுவதும் சொல்ல இடமில்லை. மனிதன் தன் பலத்தாலேயே நன்மை செய்யலாம் என்ற பெலாகியுவோடு அகுஸ்தீன் மோதியதிலிருந்து அது தொடங்குகிறது. 529இல் பிரான்சில் ஒரேஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம் கிருபை முந்துவதை ஏற்றுக்கொண்டது. தேவன் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதை அதே சங்கம் வெறுப்போடு தள்ளியது. உங்கள் ஊழியர் ஐந்து குறிப்பாகப் படிப்பித்திருந்தால் அவை 1618, 1619இல் ஒல்லாந்தில் டோர்ட் நகரில் கூடிய சங்கத்திலிருந்து வருபவை. அந்த ஒல்லாந்தர்தான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். தெரிவின் கிருபையைப் பாடத்தில் வைத்திருந்த அவர்களுடைய ஆட்சியில் கத்தோலிக்கருக்கு ஆராதனை தடை. மாந்தையிலிருந்த விசுவாசிகள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடிய கதை மடு மாதா கோவிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். தாங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று நிச்சயமாயிருந்தவர்கள் யாரைக் காட்டுக்குள் துரத்தினார்கள் என்பதை வன்னியில் இருந்துகொண்டு நாம் மறக்கக் கூடாது.

ஆனாலும் டோர்ட் சங்கத்துக்கு நியாயம் செய்யவேண்டும், ஏனென்றால் உங்கள் ஊழியர் அந்தப் பிரமாணத்தின் முதலாம் தலைப்பில் 16ஆம் பிரிவைப் படிப்பிக்காமல் விட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. உயிருள்ள விசுவாசத்தையும் மனநிச்சயத்தையும் இன்னும் தங்களுக்குள் பலமாக உணராமல், ஆனால் தேவன் ஏற்படுத்திய சாதனங்களான வசனம், ஜெபம், திருவிருந்து ஆகியவற்றைப் பற்றிக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றி அது பேசுகிறது. "தள்ளப்பட்டவர்" என்ற சொல்லைக் கேட்டு இவர்கள் திகிலடையவேண்டாம், தங்களை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம், சாதனங்களை விடாமல் பற்றியிருக்கட்டும் என்கிறது. அடுத்த பிரிவு, சிசுப் பருவத்தில் செத்துப்போன பிள்ளைகளின் தெரிவைப்பற்றி விசுவாசிகளான பெற்றோர் சந்தேகப்படக் கூடாதென்கிறது. இந்தப் போதனையின் மிகக் கண்டிப்பான பத்திரமே இப்படி இளகிப் பேசுகிறது.

இனித் தம்பி. கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். சுவிசேஷம் கேட்காமல் செத்தவர்களைப் பற்றிச் சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் சுவிசேஷத்தை அறியாமல், ஆனால் உண்மை மனதோடு இறைவனைத் தேடுகிறவர்கள் மீட்படையலாம் என்று கத்தோலிக்க திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதியது. வெளிப்படையான வசன அழைப்பைப் பெற இயலாத, ஆனால் தெரிந்துகொள்ளப்பட்ட "மற்ற எல்லாரையும்" ஆவியானவர் தாம் விரும்பியபடி மீட்கிறார் என்று கல்வின் வழிச் சபைகளின் 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதில் யார் யார் அடங்குவார்கள் என்று அவர்களே இன்றுவரை விவாதிக்கிறார்கள். கேட்காதவனுக்கு வழியில்லை என்று கண்டிப்பாகச் சொல்பவர்களும் உண்டு, ரோமர் 10:14ஐக் காட்டுவார்கள். என் நிலைப்பாடு இது. கிறிஸ்துவின் மரணத்தினால் தவிர ஒருவனும் மீட்கப்படுவதில்லை. அந்த மரணம் யாரை எட்டும், எந்த நேரத்தில் எட்டும் என்பதை அளக்கும் கோல் என் கையில் இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானமும் இல்லை, வேதபாடமும் இல்லை. கடைசி மணிநேரத்தில் அவன் கேட்ட மன்றாட்டை ஆண்டவர் கேட்டார். பங்கருக்குள் உங்கள் தம்பியின் கடைசி நிமிடத்தில் அவனோடு இருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நான் உங்களுக்கு "அவன் பரலோகத்தில் இருக்கிறான்" என்று எழுதித் தரமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெளிப்பாடு இல்லை. "அவன் தள்ளப்பட்டான்" என்று சொல்ல ஊழியருக்கும் வெளிப்பாடு இல்லை. மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள் என்று உபாகமம் 29:29 வேலி போட்டிருக்கிறது. வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவர், துன்மார்க்கனுடைய மரணத்தைக்கூட நான் விரும்புகிறதில்லை என்று எசேக்கியேலில் ஆணையிட்டுச் சொன்னவர், எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவேண்டும் என்று சித்தமுள்ளவர். தம்பியை அவரிடம் விடுவது தெரியாத ஒரு ஆளிடம் விடுவதல்ல.

நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவளா? இந்தப் பயம் வந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. மார்ட்டின் லூத்தர் துறவியாயிருந்த காலத்தில் இதே கேள்வியால் வதைபட்டார். அவருடைய மேலாளரும் பாவசங்கீர்த்தனம் கேட்டவருமான ஸ்டௌபிட்ஸ் சொன்ன புத்தி: முன்குறிப்பைப் பற்றி யோசிக்கவேண்டுமென்றால் கிறிஸ்துவின் காயங்களைப் பார். பிற்பாடு கல்வினும், தன் தெரிவைத் தனக்குள்ளே தேடுகிறவன் நிச்சயம் அடையமாட்டான், கிறிஸ்துவில் தேடு என்றே எழுதினார். யோவான் 6:37இல் முதல் பாதி தெரிவைப் பேசுகிறது: பிதா எனக்குக் கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும். அந்தப் பாதியின் உள்விவரம் உங்களுக்குக் காட்டப்படவில்லை. மற்றப் பாதி உங்களுக்குத் திறந்திருக்கிறது: என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை. வாருங்கள். வந்தவள் வந்தபின் பின்னால் திரும்பிப் பார்த்தால், தன்னைக் கொண்டுவந்தது பிதா என்று விளங்கும். முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டு வருவேன் என்றால் ஒருவரும் வரமுடியாது.

திருவிருந்தை நிறுத்தியிருக்க வேண்டாம். ஒரு மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். சோதித்தறிந்து விலகி இரு என்று எழுதவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கத்தின தகப்பனுடைய பிள்ளை சுகமானது. அந்த அளவு விசுவாசம் கையில் இருந்தால் பந்திக்குப் போதும். அடுத்த திருவிருந்துக்குப் போங்கள். அதற்குமுன் சபைப் போதகரை, வந்துபோன ஊழியரை அல்ல, தனியாகச் சந்தித்து இதையெல்லாம் கதையுங்கள். நீங்கள் ஏன் எடுப்பதில்லை என்று அவர் இதுவரை கேட்கவில்லையென்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சாட்சி நேரத்தில் செத்தவர்களை வைத்துக் கணக்குப் போடுவதை அவர் நிறுத்தவேண்டும் என்று நான் எழுதியதாகவும் சொல்லலாம். அந்த அக்காவிடமும் ஒருநாள் போய், உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இரவில் நித்திரை வருவதற்கும் தம்பியின் சாவைத் தாங்குவதற்கும் கஷ்டம் தொடர்ந்தால் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் விசுவாசக் குறைவல்ல.

வேலிக்கு வெளியே இருக்கிறவரின் கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்கிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பெயரெல்லாம் எழுதி முடிந்ததென்றால் ஏன் மன்றாடவேண்டும்? அப்போஸ்தலர் 18இல் பவுல் கொரிந்துவில் பயந்துபோய் இருக்கும்போது ஆண்டவர் இரவில் சொல்கிறார்: பேசு, மவுனமாயிராதே, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு. அவர்களில் பலர் இன்னும் விசுவாசிக்கவில்லை. ஆனாலும் அவர் "எனக்கு உண்டு" என்கிறார். அதைக் கேட்டுப் பவுல் மூட்டை கட்டவில்லை. ஒன்றரை வருடம் அங்கே தங்கி உபதேசித்தார். முடிவை வைத்திருக்கிறவர் வழியையும் வைத்திருக்கிறார், உங்கள் மன்றாட்டு அந்த வழியில் ஒரு பகுதி. ஆனால் உங்களவரிடம் இந்த வாதத்தைப் போய்ச் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை இருந்து, கூட்டிக்கொண்டு போகிற மனிதரை உள்ளே இழுத்துவர வேண்டாம். ஒலிபெருக்கியில் பிரசங்கம் வேலிக்கு வெளியேயும் கேட்கும். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், இல்லையென்றால் அந்தக் கேள்வி வந்திராது.

வைகாசியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள். முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அது யாருக்கும் படைத்தது அல்ல, பட்டினி கிடந்தவர்களின் ஞாபகம். படத்துக்கு அம்மா வைக்கும் படையலைச் சாப்பிடுவதா இல்லையா என்பதை 1 கொரிந்தியர் 8ஐ வாசித்து உங்கள் மனச்சாட்சியோடு தீர்த்துக்கொள்ளுங்கள். எது முடிவானாலும் அம்மாவை அந்த நாளில் தனியே விட்டு எழும்பிப் போகாதீர்கள். செத்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்பதில் நம் சபைகளுக்கும் கத்தோலிக்கருக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் தம்பியை 19 வருடம் உங்களுக்குத் தந்ததற்காக அவன் பேரைச் சொல்லித் தேவனுக்கு நன்றி சொல்ல எந்தச் சபையின் சட்டமும் தடையில்லை. அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்.